16 இன்ச் மடக்கு டச் லேப்டாப் ஒன்னே வீட்டுக்குப் போதுமா?

நீங்க கேட்டிருக்கறது இது: 16 இன்ச்ல, ஸ்க்ரீனை முழுசா பின்னாடி திருப்பி மடக்குற டச் லேப்டாப் ஒன்னு பாத்து வச்சிருக்கீங்க. ஆபீஸ் வேலை, வீடியோ கால், ராத்திரி படம், பிடிஎஃப்ல கோடு போட்டு படிக்கிறது, பையன் பேனா வச்சு கணக்கு போட்டு பழகுறது, எல்லாத்துக்கும் இது ஒன்னே போதுமா, அஞ்சு வருஷம் தாங்குமா. கேள்வி முழுக்க ப்ராசசர் பேரும் ரேம் அளவும்தான் இருக்கு, ஆனா கடைசி வரில "டேப்லெட் தனியா வாங்க வேணாம்ல" ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நீங்க உண்மையில கேக்க வந்தது அதுதான்னு நினைக்கிறேன். அதுக்கு நேரடி பதில், இது நல்ல பெரிய லேப்டாப்பா இருக்கும், மேஜை மேல படுக்க வச்சு எழுதவும் ரொம்ப நல்லா இருக்கும், ஆனா கைல புடிச்சுக்கிட்டு சோபால சாஞ்சு படிக்கிற டேப்லெட்டா இருக்காது, எந்த கம்பெனி பண்ணினதா இருந்தாலும் சரி. நான் லேப்டாப் சர்வீஸ் வேலைல பல வருஷமா இருக்கேன், இந்த மடக்கு வகை நிறைய திறந்து பாத்திருக்கேன். நீங்க சொன்ன அந்த குறிப்பிட்ட மாடலை நான் இன்னும் திறக்கல, அதனால இந்த வகை எல்லாத்துக்கும் பொருந்துறத உறுதியா சொல்றேன், மாடலுக்கு மாடல் மாறுறது எதுவோ அத நீங்கதான் கைல எடுத்து பாக்கணும், எப்படி பாக்கணும்னு அங்கங்க எழுதியிருக்கேன்.

முதல்ல வெயிட்டு, ஏன்னா மத்த எல்லாமே இதுலருந்துதான் வருது. 16 இன்ச் மடக்கு லேப்டாப் பெரும்பாலும் 1.8 கிலோலருந்து 2.2 கிலோ வரைக்கும் இருக்கும். சாம்சங் கேலக்ஸி புக் 360 வரிசை, எல்ஜி கிராம் வரிசை மாதிரி வெயிட்ட குறைக்கறதுக்குன்னே செஞ்ச சில மாடல் 1.4லருந்து 1.7 கிலோக்குள்ள வரும், அது விதிவிலக்கு. சாதாரண 11 இன்ச் டேப்லெட் அரை கிலோ பக்கம்தான். அப்ப நீங்க மடக்கி கைல புடிக்கறது நாலு டேப்லெட்ட அடுக்கி புடிக்கற வெயிட்டு, அதுவும் 35 செ.மீ. அகலத்துல. ஒரு கைல புடிச்சு இன்னொரு கைல எழுதறது நடக்காது, மடில வச்சாலும் ஒரு பக்கமா சரியும். அதோட மடக்கினா கீபோர்டு பின்பக்கமா வெளிய வந்துடும், அந்த நிலைல கீ எதுவும் வேலை செய்யாதபடி சென்சார் நிறுத்திடும், ஆனா புடிக்கறப்ப விரலுக்கு கீ எல்லாம் அமுங்கறது தெரிஞ்சுகிட்டே இருக்கும், அது பலருக்கு புடிக்கறதில்ல. இந்த மடக்குற அமைப்ப பெருசா பிரபலமாக்கினது 2012ல வந்த லெனோவோ யோகா, அது 13 இன்ச், ஒன்றரை கிலோ பக்கம். அந்த அளவுலயே கைல புடிக்கறது சிரமம்னுதான் அப்ப எல்லாரும் சொன்னாங்க. அத அப்படியே 16 இன்ச்சுக்கு பெருசாக்கினா அந்த சிரமம் கூடத்தான் செய்யும்.

அப்ப மடக்கறதே வீணான்னா, இல்லவே இல்ல, அத எங்க பயன்படுத்தறோம்ங்கறதுதான் விஷயம். ஒரு கணக்கு பாருங்க, 16 இன்ச்ல 16க்கு 10 விகித ஸ்க்ரீன் சுமார் 34.5 செ.மீ. நீளம், 21.5 செ.மீ. அகலம். ஏ4 பேப்பர் 29.7க்கு 21. அதாவது லேப்டாப்ப மடக்கி நெட்டுவாக்குல மேஜைல படுக்க வச்சா ஒரு ஏ4 பக்கம் முழு அளவுல, நிஜ பேப்பர் அளவுலயே உக்காரும், மேல கீழ டூல்பாருக்கும் இடம் மிச்சம். பிடிஎஃப்ல கோடு போட்டு படிக்கறவங்களுக்கும், கணக்கு போட்டு பழகற பையனுக்கும் இது பெரிய விஷயம், ஏன்னா சின்ன டேப்லெட்ல அடிக்கடி பெருசாக்கி நகத்தி நகத்தி எழுதணும், இதுல கை நோட்டுல போற மாதிரியே போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே 16 இன்ச் மடக்கு மாடல நான் சிலருக்கு தைரியமா சொல்லுவேன். ரெண்டாவது, கூடாரம் மாதிரி கவுத்து நிறுத்தறது, இல்லன்னா கீபோர்ட கீழ பாத்து வச்சுட்டு ஸ்க்ரீன மட்டும் முன்னாடி நிறுத்தறது. படம் பாக்க, வீடியோ கால்ல ரெண்டு மூணு பேர் உக்காந்து பேச, சின்ன மேஜைல இடம் கம்மியா இருக்கறப்ப, அது நிஜமாவே உதவும். கவுத்து நிறுத்தறப்ப ஸ்க்ரீன் ஆடாது, தொட்டு வேலை பாக்க அதான் சரியான நிலை.

சாதாரண லேப்டாப் நிலைல நிறுத்தி வச்சு தொடறது எப்படின்னா, அங்கங்க தொடறதுக்கு நல்லா இருக்கும், நாள் முழுக்க முடியாது. கைய முன்னாடி நீட்டி நேரா நிக்கற ஸ்க்ரீன தொட்டுகிட்டே இருந்தா தோள் வலிக்கும், இது டச்ஸ்க்ரீன் வந்த காலத்துலருந்தே தெரிஞ்ச விஷயம். ஆப்பிள் கம்பெனியோட ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 அக்டோபர்ல மேடைலயே சொன்னார், நாங்களும் சோதிச்சு பாத்தோம், நேரா நிக்கற ஸ்க்ரீன்ல டச் கொஞ்ச நேரம் கழிச்சு கைய சோர்வாக்கிடுதுன்னு. அவர் சொன்னதுல அந்த அளவு சரிதான், ஆனா ஒரு பக்கத்த தள்ளி விடறது, மேப்ப ரெண்டு விரல்ல பெருசாக்கறது, வர்ற பெட்டில ஓகே தட்டறது, ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடறது, இதெல்லாம் மவுச தேடறத விட வேகம், பழகினவங்க டச் இல்லாத லேப்டாப்லயும் தன்னறியாம ஸ்க்ரீன தொடுவாங்க. சின்ன பசங்களுக்கு கேக்கவே வேணாம்.

இப்ப கீல். நீங்க எத கவனிக்காட்டியும் பரவால்ல, இத கவனிச்சு பாருங்க, அஞ்சு வருஷம் தாங்குமான்னு கேட்டீங்களே, அந்த கேள்விக்கு ப்ராசசர விட கீல்தான் பதில் சொல்லும். சாதாரண லேப்டாப் கீல்ல ஒரு தண்டு, மடக்கு லேப்டாப் கீல்ல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு தண்டு, ஒன்னு பாதி சுத்தும், இன்னொன்னு மீதி சுத்தும், ரெண்டும் சேர்ந்துதான் 360 டிகிரி. எந்த கோணத்துல விட்டாலும் ஸ்க்ரீன் அங்கயே நிக்கணும், நீங்க விரலால தள்ளினாலும் சாயக் கூடாது, அதனால கீல டைட்டா வச்சிருப்பாங்க. ஸ்க்ரீன் பெருசாக ஆக, கண்ணாடி வெயிட்டும் கூடுது, நெம்புற தூரமும் கூடுது, அந்த விசை முழுக்க போய் விழறது அடிப்பாகத்துல கீல் ஸ்க்ரூ புடிச்சிருக்கற நாலஞ்சு புள்ளில. அடிப்பாகம் அலுமினியமா இருந்தா அது தாங்கும். பிளாஸ்டிக்கா இருந்தா அதுக்குள்ள பதிச்சிருக்கற பித்தளை திருகு குழி கொஞ்சம் கொஞ்சமா பேந்து வரும். எங்ககிட்ட வர்ற மடக்கு லேப்டாப்ல நான் அதிகம் பாக்கற பழுது இதுதான், கீல் இரும்பு நல்லாத்தான் இருக்கும், அத புடிச்சிருக்கற பிளாஸ்டிக் பேந்துருக்கும். ஆரம்ப அறிகுறி, திறக்கறப்ப மூலைல கிரீச்சுன்னு சத்தம், இல்ல கீல் பக்கத்து மூலை லேசா வாய் திறக்கறது. அந்த கட்டத்துலயே கொண்டு வந்தா சரி பண்ணிடலாம், இன்னும் ரெண்டு மாசம் இழுத்தா மேல இருக்கற கண்ணாடிய நெம்பி விரிசல் விட வச்சுடும்.

பாக்க போறப்ப என்ன பண்ணனும்னா, ஸ்க்ரீன 110 டிகிரி பக்கம் திறந்து வச்சு மேல் மூலைய விரலால சாதாரணமா தட்டுற மாதிரி தட்டுங்க, எவ்ளோ நேரம் ஆடுதுன்னு பாருங்க. ஒரு தடவ ஆடி நின்னா நல்லது, ரெண்டு மூணு தடவ ஆடினா லேப்டாப் நிலைல டச் உங்களுக்கு எரிச்சலா இருக்கும். அப்புறம் முழுசா மடக்கி நாலு ஓரமும் ஒன்னா பொருந்துதான்னு பாருங்க, ஒரு பக்கம் மட்டும் இடைவெளி இருந்தா அந்த பீஸ் வேணாம். மெதுவா திறந்து மூடறப்ப கீல் பக்கத்து பிளாஸ்டிக் மேல விரல் வச்சு பாருங்க, அது எழும்பறது தெரியக் கூடாது. வாங்கினதுக்கு அப்புறம் எப்பவும் ஸ்க்ரீன நடுவுல புடிச்சு திறங்க, ஒரு மூலைய மட்டும் புடிச்சு இழுக்கற பழக்கம் வீட்ல யாருக்கு இருந்தாலும் மாத்துங்க, மூலைல இழுத்தா எதிர்ப்பக்க கீல் பின்தங்கி, சட்டமே முறுக்கிக்குது. இத்தனை ஆயிரம் தடவ திறந்து மூடி சோதிச்சோம்னு விளம்பரத்துல வர்றத நான் பொய்ன்னு சொல்லல, ஆனா அந்த மாதிரி சோதனைல மெஷின் ஒரே சீரா, நடுவுல புடிச்சு திறக்கும், வீட்ல அப்படி நடக்காது, அதனால அந்த எண்ண வச்சு வருஷத்த கணக்கு போடாதீங்க.

கீல் செலவுலயே இன்னொன்னும் இருக்கு. சாதாரண லேப்டாப்ல ஸ்க்ரீன் உடைஞ்சா பேனல மட்டும் மாத்தலாம். டச் மாடல்ல கண்ணாடியும் பேனலும் பசை போட்டு ஒட்டினது, பெரும்பாலும் ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும், சில மாடல்ல கீலோட மூடியோட முழு செட்டாத்தான் பாகமே வரும். அதனால அதே அளவு சாதாரண லேப்டாப்ப விட ரிப்பேர் செலவு நிச்சயம் கூட. பையன் கைல போகப் போற லேப்டாப்புக்கு கீழ விழுந்து உடையறதுக்கும் சேத்து வாரன்டி கிடைச்சா எடுத்துக்கோங்க, மத்த ஆட்களுக்கு நான் அத வற்புறுத்த மாட்டேன், உங்களுக்கு வற்புறுத்துவேன்.

ஸ்க்ரீன் பத்தி. 16க்கு 10 விகிதம் இருக்கறதா பாத்து வாங்குங்க, பழைய 15.6 இன்ச் 16க்கு 9 ஸ்க்ரீனும் இதுவும் நீளத்துல ஒன்னுதான், ஆனா உயரம் 2 செ.மீ. கூட கிடைக்குது, எக்செல்லயும் டாகுமென்ட்லயும் அந்த 2 செ.மீ. ரொம்ப பெருசு. ரெசல்யூஷன் 1920க்கு 1200ன்னா ஒரு இன்ச்சுக்கு சுமார் 141 புள்ளி வரும், லேப்டாப் தூரத்துல வச்சு பாக்க போதும், ஆனா நீங்க குனிஞ்சு பேனால எழுதப் போறீங்க, கிட்டத்துல எழுத்து ஓரம் கொஞ்சம் சொரசொரப்பா தெரியும். 2560க்கு 1600ன்னா 188 புள்ளி, இந்த வேலைக்கு இதுதான் பொருத்தம். அதுக்கு மேல போனா கண்ணுக்கு லாபம் கம்மி, பேட்டரிக்கு நஷ்டம். ஸ்க்ரீன் எவ்ளோ நிறம் காட்டும்ங்கறதுக்கு ஸ்பெக்ல ஒரு அளவு இருக்கும், 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு போட்டிருந்தா அது வெளிறிப்போன பேனல், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபின்னு இருக்கறத தேடுங்க. வெளிச்சம் முக்கியம், டச்ஸ்க்ரீன் அநேகமா எல்லாமே பளபள கண்ணாடி, ஜன்னலுக்கு எதிர்ல உக்காந்தா உங்க முகம்தான் தெரியும், ஸ்க்ரீன் வெளிச்சத்த நிட்ஸ்ல அளப்பாங்க, 300 நிட்ஸ் அதுக்கு பத்தாது, 400 இருந்தா சமாளிக்கலாம். படுக்க வச்சு எழுதறப்ப மேல எரியற லைட்டு நேரா ஸ்க்ரீன்ல விழும், அத யாரும் சொல்ல மாட்டாங்க, லேம்ப பக்கவாட்டுல நகத்தி வச்சா போதும்.

ஓலெட் ஸ்க்ரீன் வாங்கலாமான்னும் தோணலாம். படம் பாக்க அத மிஞ்ச எதுவும் இல்ல, கறுப்பு நிஜ கறுப்பா இருக்கும். ஆனா அதுல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியறதால வெள்ளை பக்கம் நாள் முழுக்க திறந்து வச்சா பேட்டரி கூட குடிக்கும், ஆபீஸ் வேலைன்னா அநேகமா வெள்ளை பக்கம்தான். டாஸ்க்பார் மாதிரி அசையாம ஒரே இடத்துல நிக்கறது வருஷக்கணக்குல தடம் பதிக்கற வாய்ப்பும் இருக்கு, டாஸ்க்பார் தானா மறையற மாதிரி வச்சு டார்க் தீம் போட்டா அது குறையும். பல ஓலெட் பேனல் வெளிச்சத்த குறைக்கறப்ப வேகமா அணைஞ்சு எரிஞ்சுதான் குறைக்கும், கண்ணுக்கு அது தெரியாது, ஆனா சிலருக்கு தலைவலி வரும், சிலருக்கு ஒன்னுமே ஆகாது. இது ஆளுக்கு ஆள் மாறுறது, உங்களுக்கு எப்படின்னு அரை மணி நேரம் குறைஞ்ச வெளிச்சத்துல படிச்சு பாத்தாத்தான் தெரியும்.

பேனால நிறைய பேர் ஏமாந்து போறாங்க. டச்ஸ்க்ரீன் இருக்கறதால எந்த பேனாவும் வேலை செய்யும்னு நினைக்காதீங்க. ரப்பர் முனை வச்ச மலிவு பேனா விரலுக்கு பதில் மட்டும்தான், கைய ஸ்க்ரீன் மேல வச்சா அதையும் தொட்டதா எடுத்துக்கும், அதுல கணக்கு போட முடியாது. நிஜ பேனால ஸ்க்ரீனும் பேனாவும் ஒரே முறைய பேசணும். மைக்ரோசாஃப்டோட எம்பிபி ஒன்னு, அது என்ட்ரிக்ங்கற கம்பெனிகிட்டருந்து வந்தது, 2015ல மைக்ரோசாஃப்ட் அத வாங்கிக்கிச்சு. வேகாம்ங்கற பேனா கம்பெனியோட ஏஇஎஸ் இன்னொன்னு. கூகுளோட குரோம்ஓஎஸ் ஓடற குரோம்புக் லேப்டாப்ல யுஎஸ்ஐ. சாம்சங் 360 மாடல்ல வர்ற எஸ் பேனா வேகாமோட இஎம்ஆர் முறை, அதுல பேட்டரியே கிடையாது, எழுதறதுக்கு எனக்கு புடிச்சது அதுதான். எம்பிபி, ஏஇஎஸ் ரெண்டுக்கும் வேலை செய்யற பேனாவும் இருக்கு, வேகாம் பாம்பூ இங்க் அந்த மாதிரி. பேனா பெட்டிலயே வருதா, தனியா வாங்கணுமா, எந்த முறை, இத மூணையும் கேக்காம லேப்டாப்ப எடுக்காதீங்க. அழுத்தம் 4096 படிங்கறதெல்லாம் கணக்கு போடற பையனுக்கு தேவையே இல்ல, அவனுக்கு தேவை கைய ஸ்க்ரீன்ல வச்சு எழுதறப்ப தேவையில்லாத கோடு விழக் கூடாது, முனை தொட்ட இடத்துல மை வரணும், கோடு பின்தங்கக் கூடாது. சோதிக்கணும்னா ஒரு ஸ்கேல் ஓரமா வச்சு குறுக்கால ரொம்ப மெதுவா கோடு இழுங்க, கோடு நெளிஞ்சு நெளிஞ்சு வந்தா அந்த ஸ்க்ரீன் படம் வரையறதுக்கு சரிப்படாது, எழுத மட்டும்னா ஓரளவு ஓகே. பெரிய மடக்கு மாடல் பலதுல பேனாவ உள்ள சொருக இடம் இருக்காது, பக்கவாட்டுல காந்தத்துல ஒட்டும், பைல போட்டா கழண்டுடும், அதுக்கு ஒரு உறை வச்சுக்கோங்க.

விண்டோஸ் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்ல. விண்டோஸ் 10ல இருந்த தனி டேப்லெட் மோட் 11ல இல்ல, மடக்கினதும் ஐகான் இடைவெளி கொஞ்சம் கூடும், ஸ்க்ரீன் தானா திரும்பும், எழுதற இடத்த தொட்டா கீபோர்டு வரும், அவ்ளோதான். டச்சுக்குன்னு செஞ்ச ஆப் டேப்லெட் உலகத்துல இருக்கற அளவு இங்க கிடையாது, குறிப்பெழுதற ஒன்நோட் மாதிரி சிலது அருமையா இருக்கும், பழைய ஆபீஸ் சாஃப்ட்வேர்ல மெனு எல்லாம் விரலுக்கு ரொம்ப சின்னதா இருக்கும். பழசு வாங்கற எண்ணம் இருந்தா ஒன்னு, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, 11க்கு இன்டெல்ல எட்டாவது தலைமுறை, இல்ல ஏஎம்டியோட லேப்டாப் ரைசன்ல 3000 வரிசைலருந்து வேணும்.

ப்ராசசர் பத்தி நீங்க கவலைப்பட்ட அளவு கவலைப்பட வேணாம். நீங்க சொன்ன வேலைக்கு கடைசி ரெண்டு மூணு வருஷத்து நடுத்தர இன்டெல்லோ ரைசனோ எதுவா இருந்தாலும் போதும். பேர்ல யூ, வி ன்னு முடியறது பேட்டரிக்கு, ஹெச் ன்னு முடியறது வேகத்துக்கு, மடக்கு வகைல நான் முதல் ரகத்தத்தான் எடுப்பேன். குவால்காமோட ஸ்னாப்டிராகன் எக்ஸ் ப்ராசசர் வச்சதுன்னா பேட்டரி பிரமாதமா இருக்கும், ஆனா ஆபீஸ்ல பழைய விபிஎன், பிரின்டர், அக்கவுண்ட் சாஃப்ட்வேர் எதாவது இருந்தா அது அதுல ஓடுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ரேம் மட்டும் 16 ஜிபிக்கு கீழ போகாதீங்க, இந்த மெல்லிசு வகைல ரேம் பெரும்பாலும் போர்டுலயே பற்ற வச்சு வரும், அப்படி வந்தா அப்புறம் யார்கிட்ட கொண்டு போனாலும் கூட்ட முடியாது. ஃபைல் சேமிக்கற எஸ்எஸ்டிய பெரும்பாலும் மாத்தலாம், அதனால 512 ஜிபிலயே ஆரம்பிக்கலாம்.

சூடு விஷயம் மடக்கு மாடலுக்குன்னே தனியா இருக்கு. காத்து உள்ள போற துளை அடில இருக்கும். முழுசா மடக்கினா அந்த அடிப்பாகம் ஸ்க்ரீனோட முதுகுல போய் ஒட்டிக்குது, நடுவுல இருக்கற ரப்பர் கால் அளவுக்குத்தான் இடைவெளி. சும்மா படிக்கறப்ப, எழுதறப்ப பிரச்சனை இல்ல, மடக்கி வச்சு வீடியோ கால் பேசினா சூடாகும், ஃபேன் சத்தம் கூடும், வேகமும் கொஞ்சம் இறங்கலாம். வீடியோ காலுக்கு கூடார நிலை, எழுத மட்டும் முழு மடக்கு, இப்படி பழகிட்டா இது வராது. மெத்தை மேல வைக்க வேணாம்.

பேட்டரிக்கு மணி கணக்கு விளம்பரத்த நம்பாம வாட்-ஹவர, அதாவது பேட்டரில எவ்ளோ மின்சாரம் அடங்கும்ங்கறத பாருங்க. 16 இன்ச் ஸ்க்ரீனோட சாதாரண வேலைக்கு சராசரியா 9, 10 வாட் போகும்னு வச்சா 70 வாட்-ஹவர் பேட்டரி ஏழு மணி நேரம் பக்கம் வரும், வீடியோ கால்னா 15 வாட்டத் தாண்டும், நாலரை மணி நேரம்தான். இது கணக்கு, உங்க வெளிச்சத்த பொறுத்து மேல கீழ போகும். யுஎஸ்பி-சில சார்ஜ் ஆகுதான்னு பாருங்க, ரெண்டு பக்கமும் போர்ட் இருந்தா மடக்கி திருப்பி வைக்கறப்ப ஒயர் குறுக்க வராது. எப்பவும் சார்ஜர்லயே வச்சு வேலை பாப்பீங்கன்னா சார்ஜ் 80 சதவீதத்துல நிக்கற செட்டிங் போட்டுடுங்க, அஞ்சு வருஷம்னு பேசினா பேட்டரிக்கு அது நல்ல வித்தியாசம் பண்ணும். மூடி பைல வைக்கறப்ப இப்ப வர்ற லேப்டாப் முழுசா தூங்கறதில்ல, உள்ள இன்டர்நெட் வேலை நடந்துகிட்டே இருக்கலாம், பைக்குள்ள சூடாகி பேட்டரி காலியாகி கிடக்கும், மூடினா ஹைபர்னேட், அதாவது திறந்த வேலைய சேமிச்சுட்டு முழுசா அணையற மாதிரி மாத்திக்கோங்க.

கீபோர்ட்ல நம்பர்பேட் இருந்தா கணக்கு வழக்கு பாக்கறவங்களுக்கு வசதி, ஆனா எழுத்து கீயெல்லாம் இடது பக்கம் தள்ளிப் போயிடும், உடம்ப லேசா திருப்பி டைப் பண்ண வேண்டியிருக்கும், நாள் முழுக்க டைப் பண்றவங்க நம்பர்பேட் இல்லாதத எடுக்கலாம். ஸ்பீக்கர் அடில இருக்கா, கீபோர்டுக்கு பக்கத்துல மேல இருக்கா, கீல்ல இருக்கான்னு பாருங்க, கீல்ல இருந்தா எந்த நிலைலயும் சத்தம் மறையாது.

இப்ப உங்க வீட்டு கணக்குக்கு வர்றேன். நீங்க சொன்ன அஞ்சு வேலையும் மேஜைலயோ கூடார நிலைலயோ செய்யலாம், அது எல்லாத்துக்கும் 16 இன்ச் மடக்கு நல்ல தேர்வு. படுத்துக்கிட்டு படிக்கறது இதுல வராது. ஆனா எனக்கு அத விட பெரிய சந்தேகம் வேற. சாயங்காலம் உங்களுக்கு வீடியோ கால் இருக்கற நேரமும் பையன் கணக்கு போடற நேரமும் ஒன்னுதானேன்னு தோணுது. அப்படின்னா எவ்ளோ நல்ல மடக்கு லேப்டாப்பா இருந்தாலும் பொருள் ஒன்னுதான், ஆள் ரெண்டு பேர். அந்த நிலைமைல அதே காசுல டச் இல்லாத நல்ல 16 இன்ச் லேப்டாப் ஒன்னும், பேனா வேலை செய்யற சாதாரண டேப்லெட் ஒன்னும் வாங்கறதுதான் சரின்னு நான் சொல்லுவேன், கீல் கவலையும் கிடையாது, ஒன்னு ரிப்பேருக்கு போனாலும் வேலை நிக்காது. உங்க ரெண்டு பேர் நேரமும் வேற வேறன்னா, பிடிஎஃப்ல தினமும் கோடு போட்டு படிக்கற ஆள் நீங்கன்னா, மடக்கு மாடலயே எடுங்க, உலோக உடம்பு, 16 ஜிபி, 2560க்கு 1600, 400 நிட்ஸ், பேனா முறை தெரிஞ்சது, இதுல எதையும் விட்டுக் கொடுக்காதீங்க, ப்ராசசர்ல வேணா ஒரு படி இறங்குங்க. அடிக்கடி தூக்கிட்டு போற ஆளா இருந்தா 14 இன்ச்ச ஒரு தடவ கைல புடிச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, ஏ4 முழுசா உக்காராது, ஆனா அரை கிலோ பக்கம் குறையும்.

வாங்கினா திருப்பிக் கொடுக்கற நாள் முடியறதுக்குள்ள சில சோதனை பண்ணிடுங்க, வெள்ளை, கறுப்பு, சிவப்பு பக்கம் முழு ஸ்க்ரீன்ல திறந்து செத்த புள்ளி இருக்கான்னு பாருங்க, பேனால ஸ்க்ரீன் முழுக்க நெருக்கமா கோடு இழுத்து எங்கயாவது விட்டுப் போகுதான்னு பாருங்க, ஒரு ராத்திரி மூடி வச்சு காலைல சார்ஜ் எவ்ளோ இறங்கியிருக்குன்னு குறிச்சுக்கோங்க, நாலு நிலைலயும் மாத்தி மாத்தி வச்சு ஸ்க்ரீன் சரியா திரும்புதா, மடக்கினதும் கீபோர்டு நிக்குதான்னு பாருங்க. அந்த மாடலோட முழு நம்பரும், அடிப்பாகம் பிளாஸ்டிக்கா உலோகமாங்கறதும், சாயங்கால நேர விஷயமும் எழுதுங்க, அத வச்சு இன்னும் குறிப்பா சொல்றேன்.